சொல்லக் கூடாத ஊர்

சிங்கவரம் காலனியில் முதன்முதலாக எம்.எஸ்ஸி. வரை படித்தவள் மங்கை. அவளுடைய நைனா பச்சமுத்து செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்குகிறவர். அம்மா தைலம்மாள் நடவு, களை, அறுப்பு என்று எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போகிறவள். மங்கை செஞ்சியில் பெண்கள் பள்ளியிலும் பிறகு திண்டிவனத்துக் கல்லூரியிலும் விலங்கியல் படித்தாள். மேல்படிப்புக்குச் சென்னைக்குப் போய் விடுதியில் தங்கினாள். அங்கே அவளுடன் படித்த ஒருத்தி ஆராய்ச்சி உதவித்தொகைக்கென்று தில்லிக்காரர்கள் நடத்தும் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கப் போனபோது, துணைக்குப் போன மங்கையும் ஒன்று வாங்கிப் பூர்த்தி செய்தாள். துணைக்குப் போனவளுக்குத்தான் கிடைத்தது.

அது 1985. தேறியவர்கள் தங்களுக்கு ஒரு வழிகாட்டியைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். மங்கை இரண்டு மாதம் அலைந்தாள். சிலர் இடமில்லை என்றார்கள். ஒருவர் அவள் ஊரையும் தெருவையும் விசாரித்துவிட்டு, பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி எழுதவே இல்லை. கடைசியில் சென்னையில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துவந்த ஒரு நிறுவனத்தில் டாக்டர் பாண்டுரங்கன் என்பவரைப் பார்த்தாள். அவரும் ஊரைத்தான் முதலில் கேட்டார். செஞ்சிப் பக்கம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்தப் பக்கத்துப் பெண்கள் புகையிலை போடுவார்களா, கன்னத்தில் எந்தப் பக்கம் ஒதுக்குவார்கள், எத்தனை வயதில் தொடங்குவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மங்கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வேலைக்குப் போகிற பெண்களில் வாயில் புகையிலை இல்லாதவளை அவள் பார்த்ததே இல்லை. பதினோரு மணிப் பசியை அடக்க அதைவிட மலிவான வழி அவர்களுக்குக் கிடையாது.

புகையிலை ஒதுக்கும் இடத்தில் முதலில் ஒரு வெள்ளைப் படலம் வரும். துடைத்தால் போகாது, வலிக்காது. பலருக்கு அது அப்படியே கிடக்கும். சிலருக்கு மட்டும் புற்றாக மாறும். புகையிலையை விட்டால் படலம் மறையுமா, படம் காட்டி எடுத்துச் சொன்னால் பெண்கள் விடுவார்களா என்பதைக் கண்டறிவதுதான் மங்கைக்குப் பாண்டுரங்கன் கொடுத்த ஆய்வு. ஆறு ஊர்கள். மூன்று ஊர்களில் சொல்ல வேண்டும். மற்ற மூன்றில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயைப் பார்த்து எழுதிக்கொள்வதோடு சரி. எந்த ஊர் எதில் சேரும் என்பதை நாமே முடிவு செய்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று அவர் சீட்டு எழுதிக் குலுக்கினார். எடுத்தவள் மங்கை. பனமலை சொல்லும் ஊராக வந்தது. சிங்கவரம் சொல்லாத ஊராக வந்தது.

தன் ஊரை விட்டுவிடலாமா என்று மங்கை கேட்டுப் பார்த்தாள். உனக்குத்தான் அங்கே வாயைத் திறப்பார்கள் என்றார் அவர்.

“எனக்கு என்ன இருக்குதுன்னு கேட்டா என்ன சார் சொல்றது?”

“எழுதிக்கிறோம்னு சொல்லும்மா. புத்துன்னு சந்தேகம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். அதுல சமரசமே இல்ல. அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு, சொல்றதால பலன் உண்டான்னே நமக்குத் தெரியாதே. அதத் தெரிஞ்சுக்கத்தானே இந்த வேலை.”

அந்தப் பதிலில் மங்கைக்குத் தவறு தெரியவில்லை. பின்னாளில் நினைத்துப் பார்த்தபோதும், அந்த அறையில் வைத்துக் கேட்டால் அது சரியான பதில்தான் என்றே தோன்றியது.

1986 தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாளில் சிங்கவரத்தில் முதல் சுற்று தொடங்கியது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஒரு பெஞ்சு. மங்கை கையில் டார்ச், கன்னத்தை விலக்கிப் பிடிக்க ஒரு தட்டை மரக்குச்சி, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை. நாகம்மாள் இரண்டாம் நாள் வந்தாள். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். தைலம்மாளும் அவளும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் நின்று நாற்று நட்டவர்கள். மங்கைக்கு ஆறு வயதில் தைலம்மாள் விஷக்காய்ச்சலில் கிடந்த இரண்டு மாதமும் நாகம்மாள்தான் அவளுக்குத் தலைவாரிச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பினாள்.

நாகம்மாளின் இடக் கன்னத்து உள்பக்கம் நாலணா அகலத்துக்கு வெள்ளை படிந்திருந்தது. மங்கை டார்ச்சைச் சற்று அதிக நேரம் பிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

“இன்னாடி மங்க, அப்படிப் பாக்கற?”

“ஒண்ணுமில்ல பெரிம்மா. எழுதிக்கிறேன்.”

நாகம்மாள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சுருக்குப் பையைத் திறந்துகொண்டே வெளியே போனாள்.

தைலம்மாள் மறுநாள் வந்தாள். அவள் வாயிலும் அதேபோல ஒன்று இருந்தது, சற்றுச் சிறியது. மங்கை அட்டையில் அளவை எழுதினாள். நான்கு நாள் பொறுத்திருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, புகையிலையை விட்டுவிடச் சொன்னாள். வாயில் இருப்பது என்ன, நாளைக்கு என்ன ஆகலாம் என்பதையும் சொன்னாள்.

“ஆனா நான் சொன்னேன்னு யாராண்டயும் சொல்லாத.”

“நாகம்மாகிட்ட?”

“அவங்ககிட்டயும்தான். தெரிஞ்சா என் படிப்பு போயிடும்.”

தைலம்மாள் சாம்பல் கையோடு மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த பாத்திரத்தை இழுத்துத் துலக்கினாள்.

விடுவது அவளுக்கு எளிதாக இல்லை. தலைவலி வந்தது, காரணமில்லாமல் சள்ளென்று விழுந்தாள். வேலைக்குப் போகும்போது வறுத்த புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டாள். வரப்பில் நாகம்மாள் வழக்கம்போலப் புகையிலையைக் கிள்ளி நீட்டியபோது பல்வலி என்று சொல்லி மறுத்தாள். பல்வலிக்கு இதைவிட வேறு மருந்து ஏது என்று நாகம்மாள் சிரித்தாளாம். தைலம்மாளும் கூடச் சிரித்துவிட்டு நடவைத் தொடர்ந்திருக்கிறாள்.

ஆடியில் இரண்டாம் சுற்று. ஒரே காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். தைலம்மாள் கன்னத்தில் படலம் இருந்த இடமே தெரியவில்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. மங்கை இரண்டு முறை பார்த்தாள். அடுத்து நாகம்மாள். வெள்ளை தடித்திருந்தது, நடுவில் சிவப்புப் புள்ளிகள். மங்கை இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்து எழுதினாள். தைலம்மாள் அட்டையில் ‘தானாக விட்டுவிட்டார்’ என்று குறித்தாள். விட்டால் மறைகிறது என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாகம்மாள் எழுந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. மங்கை அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

சென்னைக்குப் போய் நாகம்மாள் அட்டையைப் பாண்டுரங்கனிடம் காட்டினாள். சிவப்புப் புள்ளி என்றதும் அவர் காத்திருக்கவில்லை. பல் மருத்துவர் ஒருவரை ஜீப்பில் அனுப்பி, கன்னத்திலிருந்து சிறு துண்டு வெட்டி எடுத்துவரச் செய்தார். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. இன்னும் புற்று இல்லை. மங்கைக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. இனிச் சொல்லாமல் இருப்பதில் குற்றம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தைலம்மாள் அட்டையைப் பாண்டுரங்கன் எடுத்துத் தனியாக வைத்தார். அது மங்கையின் அம்மா என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லாமலே ஒரு பெண் விட்டிருக்கிறாள், படலமும் மறைந்திருக்கிறது, இந்த அட்டையைப் பத்திரமாக வை என்றார். தான் சொல்லித்தான் அம்மா விட்டாள் என்று சொல்லிவிட மங்கைக்கு வாய் வரை வந்தது. அந்த மாதக் கடைசியில்தான் உதவித்தொகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு கூட இருந்தது. மங்கை அட்டையை வாங்கிப் பத்திரமாக வைத்தாள். குழு நீட்டித்தது. மார்க்கெட் கமிட்டியில் பச்சமுத்து தன் கூட்டாளிகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

கார்த்திகையில் நாகம்மாள் புருஷனோடும் மகள் காத்தாயியோடும் முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டப் போனாள். மாசியில் மூன்றாம் சுற்று வந்தபோது அவள் அட்டையில் மங்கை ‘ஊரில் இல்லை’ என்று எழுதினாள். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஊரில் இல்லாதவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று ஆய்வுத் திட்டத்தில் இல்லை. அவள் போகவில்லை.

சித்திரைக் கடைசியில் வெட்டு முடிந்து அவர்கள் திரும்பினார்கள். மங்கை பார்க்கப் போனாள். நாகம்மாள் பாதி உடம்பாகியிருந்தாள். இடத் தாடை வீங்கி, கழுத்தில் கல்போல ஒரு கட்டி. வாயைத் திறக்கச் சொன்னால் விரல் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை. டார்ச் தேவைப்படவில்லை, நாற்றமே சொல்லிவிட்டது. இரண்டு மாதமாகவே புண் என்றும் மேஸ்திரி விடவில்லை என்றும் காத்தாயி சொன்னாள். கட்டுக்கணக்கில் கூலியைப் பிடித்துக்கொள்வான் என்று அம்மாவே வெட்டிக்கொண்டு இருந்துவிட்டாளாம்.

இப்போது மங்கை பேசலாம், ஆய்வுத் திட்டமே அதைச் சொல்கிறது. மறுநாளே அவளும் காத்தாயியும் நாகம்மாளைத் திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் மங்கையை மட்டும் வெளியே கூப்பிட்டு, ஆறு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். அறுக்க முடியாது, கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்துப் பார்க்கலாம் என்றார். கரண்ட் வைத்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் கருகிக் கருத்தது. வீக்கம் கொஞ்சம் வற்றியது. ஊருக்கு அனுப்பி, புரட்டாசியில் மறுபடி வரச் சொன்னார்கள். அந்தப் புரட்டாசித் தொடக்கத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டு ஒரு வாரம் பஸ்ஸே ஓடாமல் போனது. வண்டி ஓடத் தொடங்கியபோது நாகம்மாளுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. கன்னம் வெளிப்பக்கம் ஓட்டை விழுந்து, ஊற்றும் கஞ்சி அதன் வழியாக ஒழுகியது.

கஞ்சி ஊற்றியவள் தைலம்மாள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் போய் ஊற்றினாள். ஒரு நாள் மதியம் வீடு திரும்பியவள், அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மகளிடம் சொன்னாள்:

“சொல்லிட்டேன்.”

அடுக்கிய அட்டைகளை மங்கை அப்படியே கீழே வைத்தாள். எழுந்து இரண்டு வீடு தள்ளிப் போனாள். நாகம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வந்தது யார் என்று தெரிந்து மெல்லத் திரும்பினாள். கன்னத்தைத் துணியால் பொத்திக்கொண்டுதான் அவளால் பேச முடிந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் பிடித்தது.

“அம்மாவுக்குச் சொன்ன. நல்லது. பெத்தவளாச்சே.”

மங்கை கீழே உட்கார்ந்தாள்.

“எனக்குச் சொல்லியிருந்தா உட்டிருப்பனோ, மாட்டனோ. அது எனக்கே தெரியல. ஆனா எனக்குச் சொல்லியிருக்கணும்.”

மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மங்கை பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதிலைச் சொல்லும்படி அந்த வாயைத் தொல்லைப்படுத்துவதாகும் என்று நினைத்தாளோ, பதிலுக்குப் பயந்தாளோ. இரண்டுமே இருக்கலாம்.

ஐப்பசி மழையில் நாகம்மாள் செத்துப்போனாள். பிணம் எடுக்கையில் காத்தாயி மங்கையைக் கிட்டே வரவிடவில்லை. கத்தவில்லை, திட்டவில்லை. கையை நீட்டித் தடுத்து நிறுத்தினாள், அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. மகள் துக்கத்தில் ஏதோ செய்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், சொல்லும் ஊர்களுக்காக அச்சடித்து வைத்திருந்த படங்களை எடுத்துக்கொண்டு மங்கை சிங்கவரத்தில் வீடு வீடாகப் போனாள். வாயில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருத்திக்கும் சொன்னாள். பிறகு சொல்லாத மற்ற இரண்டு ஊர்களுக்கும் சைக்கிளில் போய்ச் சொன்னாள். மூன்று வாரம் ஆனது. சிலர் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் சரி சரி என்றபடியே இன்னொரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார்கள். ஒருத்தி மட்டும், ரெண்டு வருஷமா வந்து பாத்தியே, அப்பல்லாம் உனக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

“தெரியும்” என்றாள் மங்கை.

அதன் பிறகு சென்னைக்குப் போய்ப் பாண்டுரங்கனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சொன்ன தேதி வரைக்கும் உள்ள அட்டைகள் செல்லும், அதுவரைக்கும் வைத்து எழுதலாம் என்று கணக்குப் போட்டார். அப்போதுதான் மங்கை தைலம்மாள் அட்டையைப் பற்றிச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“அந்த அட்டையக் காட்டித்தான் நான் ரெண்டு கூட்டத்துல பேசினேன்.”

“தெரியும் சார்.”

“அம்மாவுக்குச் சொன்னதுக்கு உன்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. சொன்னேன்னு எழுதியிருக்கணும். அத எழுதியிருந்தா, சொன்னா விடுவாங்க, விட்டா மறையும்னு எங்களுக்கும் ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நான் இந்தத் திட்டத்தையே நிறுத்தியிருப்பனோ என்னவோ.”

நிறுத்தியிருப்பாரா என்பது மங்கைக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவளால் அதற்குப் பிறகு உதறவே முடியவில்லை. அவள் பொய் எழுதியதால் இழந்தது நாகம்மாள் மட்டும் அல்ல, அந்த மூன்று ஊரும்தான் என்று அது சொல்லியது.

அவர் கைவிடவில்லை. ஊர் ஊராகப் போகும் வேலை இனி வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எலிகளை வைத்துச் செய்யும் ஒரு தலைப்புக்கு மாறிக்கொள், உதவித்தொகை இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது என்றார். மங்கை இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுத்துவிட்டாள். ஏன் மறுத்தாள் என்று அவளால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. வேறொரு பெண்ணாக இருந்தால் ஏற்றுக்கொண்டு நன்றாகவே முடித்திருப்பாள்.

அவள் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தபோது பச்சமுத்து அதை வாங்கி உள்ளே வைத்தார். கமிட்டியில் கேட்டவர்களுக்குப் பொண்ணு லீவில் வந்திருக்கிறது என்றார். லீவு ஆறு மாதம் நீண்ட பிறகு அவர்கள் கேட்பதை விட்டார்கள்.

தைலம்மாள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் மங்கை அவளுக்குச் சோறு கொண்டுபோனபோது, வரிசையில் குனிந்திருந்த அம்மாவின் இடக் கன்னம் புகையிலையால் புடைத்திருப்பதைப் பார்த்தாள். கரையேறி வந்து தூக்குச்சட்டியை வாங்கியவளிடம் மங்கை கெஞ்சினாள். இப்போது ஊருக்கே சொல்லியாயிற்று, மறைக்க ஒன்றுமில்லை, நீ விட்டால் அதைப் பார்த்து நாலு பேர் தாங்களும் விடுவார்கள் என்றாள்.

“அவ போயிட்டா” என்றாள் தைலம்மாள். “எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?”

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அதன் பிறகு எத்தனை முறை சொன்னாலும் அவளிடமிருந்து வேறு பதில் வரவில்லை. மங்கை வாயைப் பார்க்கக் கேட்டால் காட்ட மறுத்தாள்.

1988 ஜூனில் செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் மங்கைக்கு அறிவியல் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. தவளையின் இதயமும் புல்லின் வேரும் நடத்தினாள். பாடம் தெளிவாக நடத்துகிறார், ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். அடுத்த வருஷம் சென்னையிலிருந்து தனசேகரன் என்பவன் தேடி வந்தான். பாண்டுரங்கனிடம் புதிதாகச் சேர்ந்த மாணவன். அவள் எழுதிய அட்டைகளில் செல்லுபவற்றை எடுத்து வைத்து, சொல்லும் ஊர்களில் மேலும் இரண்டு சுற்று முடித்து எழுதிக்கொண்டிருந்தான். அட்டைகளில் சில எழுத்துகள் புரியவில்லை என்று கேட்கத்தான் வந்தான். பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்கார்ந்து மங்கை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். எப்படி இருக்கிறது முடிவு என்று கடைசியில் கேட்டாள். சொன்ன ஊர்களில் பத்தில் ஒருத்தி விட்டிருக்கிறாள், சொல்லாத ஊர்களில் நூற்றில் இரண்டு மூன்று பேர்தான் என்றான் அவன். சொல்வதால் பலன் உண்டு, குறைவுதான், ஆனால் உறுதி என்றான். அவனுக்கு அதில் மகிழ்ச்சி. முன்னுரையில் உங்களுக்கு நன்றி எழுதுகிறேன் என்றான். எழுத வேண்டாம் என்று மங்கை கேட்டுக்கொண்டாள்.

பத்தில் ஒருத்தி. நாகம்மாள் அந்த ஒருத்தியாக இருந்திருப்பாளா, மற்ற ஒன்பது பேரில் இருந்திருப்பாளா என்று பாடம் நடத்தும்போதும் மங்கை மனம் அதையே சுற்றியது.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வருஷமாக, கல்யாணமாகிப் போன பிறகு ஊருக்கு வந்தாலும், தெருவில் எதிர்ப்பட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போன காத்தாயி, மங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடவே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி.

“எங்க மாமியா. மேல்சித்தாமூர்ல இருக்குது. வாய்ல புண்ணுங்குது. பாத்துச் சொல்லு.” கொஞ்சம் நிறுத்தி, “உள்ளதச் சொல்லு” என்றாள்.

மங்கை அந்தப் பெண்ணை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள். கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் மல்லாட்டைப் பருப்பு அளவுக்குப் புண். ஓரம் தடித்துக் கெட்டியாக இருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள், கட்டி தென்படவில்லை.

“இது அது மாதிரிதான் இருக்குது” என்றாள். “நாளைக்கே பாண்டிச்சேரி போவணும்.”

“பொழச்சிக்குவனா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தெரியலங்க. சீக்கிரமா வந்திருக்கீங்க. அறுத்து எடுக்கலாம்னு சொல்லுவாங்க. ஆனா எனக்குத் தெரியல.”

காத்தாயி மாமியாரைக் கையைப் பிடித்து எழுப்பினாள். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே, காலையில் முதல் பஸ்ஸுக்கு நீயும் வரியா என்று கேட்டாள். மங்கை வருகிறேன் என்றாள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் காத்தாயி மாமியாரோடு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். திண்டிவனம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோதுதான் பக்கத்தில் வந்து, டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று கேட்டாள். மங்கை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.